வீணாகும் கனியும் விருந்தாகும்

கோடைக் காலத்தில் ஒரு மாந்தோப்புக்காரரின் வீட்டு முற்றத்தைச் சென்று பார்த்தால் இரண்டு குவியல்கள் கண்ணில் படும். ஒன்று, ரகம் பிரித்து, வைக்கோல் பரப்பி, மண்டிக்கு அனுப்பக் கூடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் பழங்கள். மற்றொன்று, காற்றில் உதிர்ந்தவை, கிளையில் உராய்ந்து தோல் கன்றியவை, அளவில் சிறுத்தவை என்று ஒதுக்கப்பட்ட பழங்கள். முதற் குவியலுக்கு விலை உண்டு. இரண்டாவது குவியலை விலை கேட்பார் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே மரத்தில் காய்த்தவை. ஒரே நீரைக் குடித்தவை. சுவையில் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல.

விளைச்சல் மிகுந்த ஆண்டில் முதற் குவியலுக்கும் விலை இல்லாமற் போவதுண்டு. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் கிளிமூக்கு மாம்பழத்தின் விலை சரிந்து, கிருஷ்ணகிரி, சித்தூர்ப் பகுதி விவசாயிகள் பறிகூலிக்கும் வண்டிக்கூலிக்குமே திண்டாடியது நம் நினைவை விட்டு அகலவில்லை. பழக்கூழ் ஆலைகள் பல உள்ள வட்டாரத்திலேயே அந்நிலை என்றால், ஆலை இல்லாத ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வளவு பெரிய இடரை அடுப்பங்கரையில் தீர்த்துவிட முடியும் என்று கூறுவது பேதைமை. விலைச் சரிவுக்குப் பரிகாரம் தேட வேண்டிய இடம் வேறு. ஆனால் இரண்டாவது குவியலுக்கு நம் வீட்டிலேயே ஒரு வழி உண்டு. அதுவே பழப்பாகு.

பழப்பாகு என்பது யாது?

பழத்தைக் கூழாக்கிச் சிறிது சர்க்கரையும் சிறிது புளிப்பும் சேர்த்து, கரண்டியிலிருந்து சொட்டாமல் வழியும் பதத்தில் காய்ச்சி இறக்குவதையே இங்குப் பழப்பாகு என்கிறோம். மேல்நாட்டுச் சமையலில் இதனைச் சாஸ் என்பர். குழம்பு என்று மொழிபெயர்த்தால் நமக்குப் புளிக்குழம்பு நினைவுக்கு வந்துவிடும். ஆதலால் பாகு என்னும் சொல்லே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இது ஜாம் அன்று. ஜாமில் சர்க்கரை மிகுதி. பழத்தின் சர்க்கரையும் நாம் சேர்க்கும் சர்க்கரையுமாக நூற்றுக்கு 65 பங்கு அளவுக்கு இறுகும்படி அதனைக் காய்ச்சுவர். அத்தனை சர்க்கரை சூழ்ந்த இடத்தில் பூசணமும் நொதியும் எளிதில் வளர மாட்டா. பழப்பாகில் சர்க்கரை குறைவு; பழத்தின் மணமும் நிறமும் மிகுதி. செலவும் குறைவு. ஆனால் நெடுநாள் தாங்காது. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் துன்பங்கள் பல நீங்கும்.

பழத்தையும் இனிப்பையும் கூட்டி வைக்கும் கலை நமக்குப் புதியதும் அன்று. பழனிப் பஞ்சாமிர்தத்தை அறியாதார் யார்? மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலம் ஆகியவை சேர்ந்த அப்பிரசாதத்தில் ஒரு துளி நீரும் சேர்ப்பதில்லை. நீர் சேராமையும் இனிப்பு மிகுந்திருத்தலுமே அது கெடாமைக்குக் காரணம். 2019-ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடும் பெற்றது. நம் முன்னோர் கையாண்ட அதே தத்துவத்தின் எளிய கிளைதான் நாம் இப்போது பேசும் பழப்பாகு.

பழம் தெரிந்தெடுத்தல்

ஒதுக்கப்பட்ட பழம் எல்லாம் உண்ணத் தக்கது என்று பொருள் அன்று. அடிபட்டுக் கன்றிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். பழ ஈ குத்திப் புழு வைத்த பழமும், பூசணம் பூத்த பழமும், அழுகி நீர் வடியும் பழமும் அடுப்புக்கு வரக்கூடா. அவை எருக்குழிக்கே உரியன. கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுதல் தவறு. பூசணம் உண்டாக்கும் நஞ்சுகளுள் சில கொதியிலும் அழிவதில்லை.

கார்பைடுக் கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்தை வாங்கலாகாது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அம்முறை தடை செய்யப்பட்டுள்ளது. நம் தோட்டத்துப் பழத்தை நாமே வைக்கோலிட்டுப் பழுக்க வைத்தால் அந்த ஐயத்துக்கே இடமில்லை.

பாத்திரங்கள்

எவர்சில்வர்ப் பாத்திரமோ, பூச்சு உதிராத எனாமல் பாத்திரமோ வேண்டும். பழத்தின் புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஆதலால் ஈயம் பூசாத பித்தளையும், செம்பும், அலுமினியமும் ஆகா. அடி கனத்த பாத்திரமாயின் அடிப்பிடித்தல் குறையும். கிளறுவதற்கு மரக்கரண்டி நன்று.

வடிகட்டும் துணியைப் பற்றி நெசவாளர் வீடுகளுக்கு ஒரு சொல். தறியிலிருந்து அறுத்த புதுத் துணியில் பாவுக்கு இட்ட கஞ்சி இருக்கும். அதனை வெந்நீரில் நன்றாகக் கொதிக்க வைத்துக் கஞ்சி நீங்க அலசிய பின்னரே பயன்படுத்த வேண்டும். சாயம் தோய்ந்த துணி எவ்வளவு உயர்ந்ததாயினும் இதற்கு உதவாது. சாயமிடாத வெள்ளைத் துணியே ஏற்றது.

மாம்பழப் பாகு

வேண்டிய பொருள்கள்: நன்கு கனிந்த மாம்பழம் 1 கிலோ; சர்க்கரை 100 கிராம்; எலுமிச்சம் பழச்சாறு 2 மேசைக்கரண்டி; தண்ணீர் அரை டம்ளர்; உப்பு ஒரு சிட்டிகை.

பழங்களைக் கழுவி, காம்புப் பகுதியைச் சற்று ஆழமாகவே அரிந்து எறியவும். அங்குள்ள பால் தொண்டையில் கரகரப்பை உண்டாக்கும். பின்பு தோல் சீவி, சதையை அரிந்தெடுத்து, கையால் மசித்தோ அம்மியில் ஓட்டியோ கூழாக்கவும். நார் மிகுந்த பழமாயின் சல்லடையில் தேய்த்து இறக்கவும். 1 கிலோ பழத்தில் தோலும் கொட்டையும் போக ஏறக்குறைய அரைக் கிலோ கூழ் தேறும்.

கூழுடன் தண்ணீர், சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்த்து நடுத்தரத் தணலில் வைத்துக் கிளறவும். கொதி வந்த பின் தணலைக் குறைத்துப் பத்து நிமிடம் காய்ச்சவும். மாம்பழக் கூழ் கொதிக்கும்போது எரிமலைபோல் தெறிக்கும். கையில் பட்டால் கொப்புளம் போடும். குழந்தைகளை அடுப்பண்டை விடலாகாது. கரண்டியின் காம்பும் நீளமாக இருக்கட்டும்.

பதம் பார்க்கும் முறை எளிது. குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு நடுவே விரலால் கோடிழுக்கவும். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் காய வேண்டும். மூடாமல் மெல்ல மெல்லக் கூடி வந்தால் அதுவே பதம். ஆறியபின் பாகு மேலும் இறுகும். ஆகையால் சற்று முன்னதாகவே இறக்குவதில் தவறில்லை. இறுகிவிட்டால் வெந்நீர் சிறிது விட்டு மீண்டும் ஒரு கொதி கொடுக்கலாம்.

எலுமிச்சைச் சாற்றைச் சுவைக்காக மட்டும் சேர்ப்பதாக எண்ணிச் சிலர் விட்டுவிடுவர். அது கூடாது. மாம்பழத்தின் புளிப்பு ரகத்துக்கு ரகம் வேறுபடும். நன்கு கனிந்த இனிப்பு ரகங்களில் புளிப்பு மிகக் குறைவு. உணவைக் கெடுக்கும் கிருமிகள் பல, புளிப்பு மிகுந்த இடத்தில் தலையெடுக்க மாட்டா. எலுமிச்சைச் சாறு பாகுக்குக் காவற்காரன் என்று கொள்க.

வெல்லம் விரும்புவோர் சர்க்கரைக்குப் பதிலாக அதே எடை வெல்லத்தைச் சேர்க்கலாம். முதலில் வெந்நீரில் கரைத்து மண் நீங்க வடிகட்டிக் கொள்க. நிறம் சற்றுக் கருக்கும். மணம் ஒரு தனி மணமாக இருக்கும்.

அன்னாசிப் பாகு

கொல்லிமலை அன்னாசியைச் சுவைத்தவர்க்கு அதன் மணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. தோல் சீவி, கண்களைத் தோண்டி எறிந்த சதை அரைக் கிலோவுக்குச் சர்க்கரை 125 கிராமும் தண்ணீர் ஒரு டம்ளரும் சேர்க்கவும். சதையைச் சிறு துண்டுகளாக அரிந்து, தண்ணீர் விட்டு மூடி பதினைந்து நிமிடம் வேகவிடவும். வெந்தபின் மசித்து, சர்க்கரை சேர்த்து மேலும் ஐந்து நிமிடம் கொதிக்க விடவும். இதற்குத் தனியே புளிப்புச் சேர்க்க வேண்டா.

அன்னாசிப் பாகு நீர்த்திருக்கும். அதனைக் கெட்டிப்படுத்தக் கூவைக்கிழங்கு மாவு ஒரு தேக்கரண்டி போதும். மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, கொதிக்கும் பாகில் மெல்ல ஊற்றிக் கிளறவும். பாவுக்குக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கைகளுக்கு இதனைக் கற்பிக்க வேண்டுவதில்லை. மாவைச் சுடுநீரில் போட்டால் திரளும். பச்சையாக விட்டால் மாவு வாடை அடிக்கும். வெண்மை மாறிக் கண்ணாடிபோல் தெளிந்தால் வெந்தது என்று பொருள். தெளிந்தவுடன் இறக்கிவிட வேண்டும். புளிப்பில் நெடுநேரம் கொதித்தால் மாவின் பிடிப்பு விட்டுப்போய்ப் பாகு மீண்டும் நீர்த்துவிடும்.

பச்சை அன்னாசியைத் தயிரிலோ பாலிலோ கலந்து வைத்தால் சற்று நேரத்தில் கசந்துவிடுவதைப் பலர் கண்டிருப்பர். அப்பழத்தில் உள்ள ஒரு பொருள் பாலின் புரதத்தைச் சிதைப்பதே அதற்குக் காரணம். கொதிக்க வைத்தால் அந்த ஆற்றல் அழிந்துவிடும். ஆகவே நன்கு வெந்த பாகைக் குளிர்ந்த தயிருடன் அச்சமின்றிச் சேர்க்கலாம்.

பன்னீர்த் திராட்சைப் பாகு

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. கொத்திலிருந்து உதிர்ந்த திராட்சைக்குச் சந்தையில் மதிப்பில்லை. பாகுக்கோ அதுவே போதும். உதிர்ந்த பழங்களை ஓடும் நீரில் பலமுறை கழுவவும். அரைக் கிலோ பழத்தைக் கால் டம்ளர் தண்ணீருடன் அடுப்பிலேற்றிக் கரண்டியால் நசுக்கி, பத்து நிமிடம் கொதிக்க விடவும். நிறம் தோலில் இருப்பதால் தோலுடனே வேக வேண்டும். பின்பு துணியிலோ சல்லடையிலோ வடித்து விதையையும் தோலையும் நீக்கி, வடித்த சாற்றில் 75 கிராம் சர்க்கரை சேர்த்துப் பாதியாகச் சுண்டும் வரை காய்ச்சவும்.

பப்பாளியிலும் பாகு செய்யலாம். ஆனால் அதில் புளிப்பு மிகக் குறைவு. எலுமிச்சைச் சாறு இரு மடங்கு வேண்டும். அதனை வைத்துக்கொள்ள முயலாமல் இரண்டொரு நாளில் உண்டு தீர்த்தலே நன்று.

எதனுடன் உண்பது?

விடிந்தும் விடியாததுமாகத் தறியில் அமர வேண்டிய வீடுகளில் காலைச் சிற்றுண்டி எப்பொழுதும் ஓர் அவசரமே. சட்னி அரைக்க நேரமில்லாத நாளில் தோசைக்கும் இட்லிக்கும் ஒரு கரண்டி மாம்பழப் பாகு கைகொடுக்கும். ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் அன்னாசிப் பாகு இசையும். கேழ்வரகுத் தோசையைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளைகள், பாகு தடவித் தந்தால் மறுக்காமல் உண்பதைக் காணலாம். நனைத்த அவலில் தயிரும் பாகும் கலந்தால் அடுப்பு மூட்டாமலே ஒரு பலகாரம் ஆயிற்று.

விருந்து நாட்களில் ரவைக் கேசரியின் மீதும், கடற்பாசி இனிப்பின் மீதும், குளிர்ந்த சேமியாப் பாயசத்தின் மீதும் சிறிது ஊற்றிப் பரிமாறலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கொதிக்கும் பாலில் இதனை ஊற்றலாகாது, புளிப்புப் பட்டுப் பால் திரிந்துவிடும். பால் பண்டம் நன்கு ஆறிய பின்னரே பாகு சேர்க்க வேண்டும்.

மாம்பழமும் பப்பாளியும் கண்ணுக்கு நலம் தரும் சத்து உடையவை. அச்சத்து மிதமான கொதியில் பெரும்பாலும் நிலைக்கும். வைட்டமின் சி ஓரளவு குறையும். ஆகவே பாகு உண்பதால் பழத்தைப் பழமாக உண்பதை விட்டுவிடக் கூடாது. நீரிழிவு உடையோர் இதனைத் தவிர்த்தல் நலம். பிள்ளைகளுக்கும் ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டா. கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கும் பண்டம் அன்று இது.

வைத்துக் காத்தல்

பழப்பாகு செய்தவர்கள் பெரும்பாலும் பிழை செய்வது இங்கேதான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாம்பழப் பாகைப் புட்டியில் அடைத்துச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் திறந்தபோது மேலே வெண்ணிறப் பூசணம் படர்ந்திருந்தது. உள்ளே நுரை பொங்கியது. வீட்டு மூதாட்டியார் மேற்பகுதியை வழித்து எறிந்துவிட்டு, மீந்ததைக் கொதிக்க வைத்துப் பேரக் குழந்தைகளுக்குத் தர முற்பட்டார். ஒரு பருக்கையையும் வீணாக்காமல் குடும்பத்தைக் கட்டிக் காத்த கை அது. அந்தக் கையிலிருந்து புட்டியை வாங்கி எருக்குழியில் கவிழ்ப்பது மருமகளுக்கு எளிதாக இருக்கவில்லை. ஆயினும் அவர் அதைச் செய்தார், செய்தது சரியே. பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். பழத்தை வீணாக்கலாகாது என்று தொடங்கிய வேலை குழந்தையின் வயிற்றைக் கெடுத்து முடியுமானால் அது சிக்கனம் ஆகாது. மூதாட்டியாருக்கும் மனம் நோகாமல் அவர் சொன்ன விடை இது: "அடுத்த முறை குறைவாகச் செய்வோம், அத்தை, அப்போது கொட்ட வேண்டியிராது."

அவ்விடையில் எல்லாம் அடங்கிவிட்டது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கும் மறுநாள் காலைக்கும் போதுமான அளவே செய்ய வேண்டும். குளிர்ப்பெட்டி உள்ள வீட்டில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். உறைநிலைப் பகுதியில் சிறு சிறு டப்பாக்களில் இட்டு வைத்தால் சில மாதங்களும் தாங்கும். அவ்வளவு வசதி இல்லாமல் நெடுநாள் வைக்க விரும்புவோர் கூழுக்குச் சம எடை சர்க்கரை சேர்த்து ஜாமாகவே இறுகக் காய்ச்சிவிடுதல் நன்று.

புட்டிகளைச் சோடா உப்பிட்டுக் கழுவி, தண்ணீரில் மூழ்க வைத்துப் பத்து நிமிடம் கொதிக்க விடவும். பாத்திரத்தின் அடியில் ஒரு துணி மடித்துப் போட்டால் புட்டி உடையாது. எடுத்த புட்டியைக் கவிழ்த்து நீர் வடிய விட்டு, சூடாக இருக்கும்போதே சூடான பாகை ஊற்றி மூட வேண்டும். குளிர்ந்த புட்டியில் கொதிக்கும் பாகு ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். கை பொறுக்கும் சூடு ஆனதும் குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவிடுக. செய்த தேதியை ஒரு தாளில் எழுதிப் புட்டியில் ஒட்டுக. ஈரக் கரண்டியும், எச்சிற் கரண்டியும் ஒருநாளும் உள்ளே இறங்கலாகாது.

சங்கம் செய்யக்கூடியது

நம் அங்கத்தினருள் பழம் விளைவிப்போரும் உண்டு. துணி நெய்வோரும் உண்டு. ஒரு சாராரிடம் விலை போகாத பழம் குவிகிறது. மற்றொரு சாராரின் குழந்தைகளோ கடையில் விலை கொடுத்துப் பழம் வாங்க வசதியின்றி ஏங்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்களே. அத்தூரத்தைக் கடக்க ஒரு தனி மனிதரால் இயலாது. ஒரு சங்கத்தால் இயலும். 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்துக்குப் பின் இந்நாட்டில் எழுந்த சங்கங்கள் எல்லாம், ஒருவரால் ஆகாதது பலரால் ஆகும் என்ற ஒரே கொள்கையின் மீது எழுந்தவைதாமே?

பழப் பருவத்தில் வாரம் ஒரு நாள் ஒதுக்குப் பழங்களைச் சங்கக் கட்டடத்தில் சேர்த்து, நெசவாளர் குடும்பங்களுக்கு நியாயமான சிறு விலையில் பகிர்ந்தளிக்கலாம். இலவசமாகத் தர வேண்டா. விளைவித்தவருக்குப் பறிகூலியாவது மிஞ்ச வேண்டும். சர்க்கரையையும் புட்டிகளையும் மொத்தமாகக் கொள்முதல் செய்து பண்டகசாலை மூலம் வழங்கலாம்.

விற்பனைக்குச் செய்ய விரும்பும் மகளிர் குழுக்கள் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, 1955-ஆம் ஆண்டின் பழப் பொருள்கள் உத்தரவு இப்போது நடைமுறையில் இல்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற பின்னரே எவ்வளவு சிறிய அளவிலும் விற்க வேண்டும். விற்பனைச் சரக்கு வீட்டுப் பாகுபோல் கண்ணளவாகச் செய்யத்தக்கது அன்று. புளிப்பையும் இனிப்பையும் கருவி கொண்டு அளந்து செய்யப் பயிற்சி வேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், மைசூரில் 1950-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் பயிற்சி அளிக்கின்றன.

இரண்டாவது, கணக்கு. பழம், சர்க்கரை, விறகு அல்லது எரிவாயு, புட்டி ஆகியவற்றின் விலையை எழுதிவிட்டு, எஞ்சியதை எல்லாம் இலாபம் என்று கூறுவோர் உண்டு. அடுப்பருகே நின்று கிளறிய பெண்ணின் கூலி எங்கே? அக்கூலியை எழுதாத கணக்கு பொய்க் கணக்கு. தறியில் நெய்பவருக்குக் கூலி உண்டு என்பதற்காகப் பாடுபட்ட நாம், அடுப்பில் உழைப்பவருக்கு அதனை மறுப்பது கூட்டுறவுக்கு அடுக்காது. கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கட்டுப்படியாகுமானால் விற்கலாம். ஆகாவிடில் வீட்டுத் தேவைக்கு மட்டும் செய்து மகிழலாம்.

வரும் பருவத்தில் முற்றத்து இரண்டாவது குவியலைக் காணும்போது, அதனை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தள்ளிவிடுமுன் ஒரு கிலோவை மட்டும் எடுத்து அடுப்பிலேற்றிப் பாருங்கள். சிறு துளி பெரு வெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் சொன்ன பழமொழி அன்று. மறுநாள் காலையில் தோசைக்கல்லின் அருகே தட்டேந்தி நிற்கும் பிள்ளைகள், நீங்கள் செய்தது எத்தகையது என்பதைத் தாமே சொல்லிவிடுவார்கள்.